தம்பிக்கு 18 ஆகப் போகிறது, இனி யாரிடம் கேட்பது?

கேள்வி:

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு இன்னும் 8 மாதத்தில் 18 வயது ஆகிறது. ஆட்டிசமும் லேர்னிங் டிஸ்எபிலிட்டியும் (அறிவுத்திறன் குறைபாடு) உண்டு. சில சொற்கள்தான் பேசுவான், மீதியைப் படங்களைக் காட்டிப் புரியவைப்பான். சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். கவுன்சிலின் (உள்ளாட்சி நிர்வாகம்) குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு சோஷியல் வொர்க்கர் (சமூகப் பணியாளர்) வருவார். சனிக்கிழமைகளில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பணம் தருகிறார்கள். மாதத்தில் ஒரு வார இறுதி வெளியே ஒரு விடுதியில் தங்கிவிட்டு வருவான். போன முறை வந்தபோது அந்த சோஷியல் வொர்க்கர், "பிறந்தநாளோடு எங்கள் ஃபைலை மூடிவிடுவோம், அப்புறம் பெரியவர்கள் பிரிவு பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிரிவிலிருந்து இதுவரை யாரும் பேசவில்லை.

அப்பா, "நாங்கள் இருக்கும்வரை நாங்களே பார்ப்போம், இவர்களிடம் ஏன் கையேந்த வேண்டும்" என்கிறார். அம்மாவுக்கு முதுகுவலி, இரவில் தூக்கமும் இல்லை. 18க்குப் பிறகு தம்பிக்காக அம்மா கையெழுத்துப் போட முடியாது என்கிறார்களே, உண்மையா? எங்கள் வீடு, அப்பாவின் சம்பளம் எல்லாவற்றையும் கணக்கெடுப்பார்களா? எங்கே போனாலும் மொழிபெயர்ப்பது நான்தான். எனக்கு 24 வயது. மான்செஸ்டரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. போகட்டுமா என்று வீட்டில் கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

8 மாதம் நிறைய இருக்கிறது என்று தோன்றும். இந்த விஷயத்தில் அது போதும் போதாமல்தான் இருக்கும். ஆகவே விளக்கத்தை அப்புறம் வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். இந்த வாரத்துக்குள் உங்கள் கவுன்சிலின் பெரியவர்கள் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இப்போதைய சோஷியல் வொர்க்கருக்கும் ஒரு நகல் போகட்டும். தம்பியின் பெயர், பிறந்த தேதி, பள்ளி, இப்போது கிடைக்கும் உதவி ஆகியவற்றை நாலு வரியில் எழுதுங்கள். பிறகு, பெரியவர்களின் பராமரிப்புக்கான சட்டமான கேர் ஆக்ட் 2014இன் 58ஆம் பிரிவின்படி தம்பிக்கு மதிப்பீடு (18க்குப் பிறகு என்ன உதவி தேவை என்று கவுன்சில் பார்ப்பது) வேண்டும், 60ஆம் பிரிவின்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் பராமரிப்பாளர் மதிப்பீடு வேண்டும் என்று பிரிவு எண்ணோடு கேளுங்கள். அம்மா பெயரிலேயே போவது நல்லது. தொலைபேசியில் கேட்டால் "சொல்லிவிடுகிறோம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். எழுதிக் கேட்டால் தேதி பதிவாகும். மதிப்பீடு செய்ய மாட்டோம் என்று அவர்கள் முடிவெடுத்தால்கூட, காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

நான் பெரியவர்கள் பிரிவில் சோஷியல் வொர்க்கராக வேலை செய்கிறேன். "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பிக் காத்திருந்துவிட்டு, பிறந்தநாள் கழிந்தபிறகு தவித்துப்போய் எங்களிடம் வரும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் வீடும் அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பிக்கு இப்போது கிடைக்கும் உதவி சில்ட்ரன் ஆக்ட் 1989இன் 17ஆம் பிரிவின் கீழ் வருவது. 18 ஆனதும் கேர் ஆக்ட் 2014 வந்துவிடும். பிரிவு வேறு, பட்ஜெட் வேறு, தகுதி விதிகளும் வேறு. சனிக்கிழமை ஆளும் மாதம் ஒரு வார இறுதியும் தாமாக அந்தப் பக்கம் போய்ச் சேராது. தம்பிக்கு என்ன தேவை என்பதை அங்கே முதலிலிருந்து பார்ப்பார்கள். உதவி குறையலாம், கூடலாம், வேறு வடிவத்திலும் வரலாம். இப்போது தங்கிவிட்டு வரும் விடுதி குழந்தைகளுக்கானது என்றால் 18க்குப் பிறகு அங்கே இடம் கிடைக்காது. புதிய இடம் பார்க்க வேண்டும், அது அவனுக்குப் பழக வேண்டும். மாற்றம் என்றாலே கலங்கிப்போகிற பிள்ளைக்கு அதற்கே பல மாதம் பிடிக்கும்.

சட்டப்படி பார்த்தால் இந்த ஏற்பாடு எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். இ.எச்.சி. பிளான் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்வி, உடல்நலம், பராமரிப்புக்குக் கவுன்சில் எழுதும் திட்டம்) உள்ள பிள்ளைகளுக்கு 9ஆம் வகுப்பிலிருந்தே, அதாவது 13, 14 வயதிலிருந்தே, ஆண்டுதோறும் நடக்கும் மறுஆய்வில் பெரியவராவதற்கான தயாரிப்பைப் பேச வேண்டும். பல பள்ளிகளில் அது ஒரு பெட்டியில் டிக் போடுவதோடு முடிந்துவிடுகிறது. போனது போகட்டும். அடுத்த மறுஆய்வுக்குப் பெரியவர்கள் பிரிவிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்று இப்போதே பள்ளியிடம் எழுதிக் கேளுங்கள்.

உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. கேர் ஆக்டின் 66ஆம் பிரிவு. தேவையான மதிப்பீட்டை 18 வயதுக்குள் கவுன்சில் முடிக்கவில்லை என்றால், ஒரு முடிவுக்கு வரும்வரை குழந்தைகள் பிரிவு தன் உதவியைத் தொடர வேண்டும். பிறந்தநாள் வந்துவிட்டது என்பதற்காக ஃபைலை மூடிவிட்டு, நடுவில் ஒன்றுமில்லாமல் விட முடியாது. அந்த சோஷியல் வொர்க்கர் அடுத்த முறை வரும்போது மரியாதையாகவே இந்தப் பிரிவை நினைவுபடுத்துங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. அவர்கள் பார்ப்பது மூன்று. உடல் அல்லது மனநிலைக் குறைபாட்டால் வரும் தேவையா? சட்டம் பட்டியலிடும் 10 விஷயங்களில் குறைந்தது இரண்டைச் செய்ய முடியாமல் இருக்கிறதா? அதனால் அவருடைய நல்வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்படுகிறதா? அந்தப் பத்தில் சாப்பாடு, குளியல், கழிவறை, தட்பவெப்பத்துக்கு ஏற்ற உடை, வீட்டில் ஆபத்தில்லாமல் இருப்பது, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது, உறவும் நட்பும், படிப்பு அல்லது வேலை, பஸ், நூலகம், பூங்கா போன்றவற்றைப் பயன்படுத்துவது எல்லாம் வருகின்றன. பத்தாவது, தனக்குப் பிள்ளை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்வது.

"முடியாது" என்பதற்குச் சட்டம் தரும் பொருள் நாம் நினைப்பதைவிட விரிவானது. யாராவது உதவினால்தான் முடியும் என்றாலும், முடிந்தாலும் அதனால் கடும் வலியோ பதற்றமோ வரும் என்றாலும், தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றாலும், மற்றவர்களைவிட மிக அதிக நேரம் பிடிக்கும் என்றாலும் அது "முடியாது"தான். நினைவூட்டி நினைவூட்டிச் செய்யவைப்பதும் உதவிதான்.

நம் வீடுகள் சறுக்குவது இங்கேதான். "பல் துலக்குவானா?" என்று கேட்டால் அம்மா "துலக்குவான்" என்பார். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து, கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று "மேலே, கீழே" என்று சொல்லி, வாயைக் கொப்பளிக்க வைப்பதெல்லாம் அம்மாவுக்கு வேலையாகவே தெரியாது. அது அவர் மூச்சு விடுவது மாதிரி. எதிரே இருப்பவர் "தானாகத் துலக்குவார்" என்று எழுதிக்கொள்வார். பிள்ளையைப் பற்றி வெளியாள் முன்னால் குறையாகச் சொல்ல மனம் வராததும் ஒரு காரணம். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பெருமை பேசினால் தம்பிக்குக் கிடைக்க வேண்டிய உதவி போய்விடும். அவன் என்னென்ன செய்வான், எவ்வளவு அன்பானவன், எதில் சிரிப்பான் என்பதையும் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். அதோடு அவன் அதைச் செய்வதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அதற்கு ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். காலையில் எழுப்புவதிலிருந்து யார், எதை, எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று எழுதினால் போதும். இரவில் எத்தனை முறை எழுந்தான், யார் எழுந்து போனார்கள் என்பது மிக முக்கியம், ஏனென்றால் இரவு நேரத்தைப் பலரும் சொல்லவே மறந்துவிடுகிறார்கள். வெளியே போகும்போது சாலையில் கையை விட்டால் என்ன ஆகும், சத்தம் அதிகமான இடத்தில் என்ன நடக்கும், போன வருடம் என்ன உடைந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். நல்ல நாளும் வரட்டும், மோசமான நாளும் வரட்டும்.

அப்பாவுக்கு நேராகவே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

ஐயா, இது கையேந்துவது அல்ல. வேலை செய்து வரி கட்டுகிறீர்கள், கவுன்சில் வரியும் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தில்தான் இந்தப் பிரிவு நடக்கிறது. உங்கள் மகனுக்குத் தகுதி இருந்தால் உதவ வேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை. மதிப்பீட்டில் உட்கார்ந்து "நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்று நீங்கள் சொன்னால், பாசத்தில் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஃபைலில் அது "தேவைகளைக் குடும்பம் நிறைவேற்றுகிறது" என்று ஏறிவிடும். அதன்பிறகு பட்ஜெட்டில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. முதலில் குடும்பம் செய்வதை ஒதுக்கி வைத்துவிட்டு மகனுக்கு மொத்தம் என்ன தேவை என்று பார்க்க வேண்டும், பிறகுதான் குடும்பம் எதைச் செய்ய விரும்புகிறது, எதைச் செய்ய முடியும் என்று கேட்க வேண்டும். அரசின் வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே உங்களால் தொடர்ந்து முடிவதைச் சொல்லுங்கள், முடியாததையும் சொல்லுங்கள். உங்கள் மனைவியின் முதுகுவலி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். "நாங்கள் இருக்கும்வரை" என்கிறீர்கள். நீங்கள் திடமாக இருக்கும்போதே உங்கள் மகன் வேறொருவர் கையால் சாப்பிடவும், வேறொரு வீட்டில் ஓர் இரவு தூங்கவும் பழகினால், பின்னால் ஏதாவது நெருக்கடி வரும்போது முன்பின் தெரியாத இடத்தில் ஒரே நாளில் போய் நிற்க வேண்டியிராது. அந்த நிலையில் வரும் 40, 50 வயதுப் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்களைத் தேற்றுவது மிகக் கடினம்.

சரி, கையெழுத்து விஷயம். நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழுசாக அப்படி இல்லை. முடிவெடுக்கும் திறன் பற்றிய மென்டல் கெப்பாசிட்டி ஆக்ட் 2005 என்ற சட்டம் 16 வயதிலிருந்தே பொருந்தும். அதன்படி ஒருவரால் முடிவெடுக்க முடியும் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். முடியாது என்று யாராவது சொன்னால், அந்தக் குறிப்பிட்ட முடிவைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். மதியம் என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை, சனிக்கிழமை வரும் ஆள் பிடித்திருக்கிறதா இல்லையா, இவற்றைத் தம்பி தானே சொல்வான். ஒரு வாடகை ஒப்பந்தம் என்றால் அவனுக்குப் புரியாமல் போகலாம். படங்களைக் காட்டி, நேரம் கொடுத்து, தெரிந்த ஆளை வைத்துப் புரியவைக்க எல்லா முயற்சியும் எடுத்த பிறகுதான் முடியாது என்று சொல்லலாம். அப்போது அவனுடைய நலனுக்கு எது நல்லதோ அதைத் தீர்மானிக்க வேண்டும். அப்படித் தீர்மானிக்கும் மருத்துவரோ சோஷியல் வொர்க்கரோ, வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கலந்து பேச வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அம்மாவைச் சும்மா அறைக்கு வெளியே நிறுத்திவிட முடியாது. ஆனால் "நான் அம்மா, நான் சொல்வதுதான்" என்ற நிலை 18இல் முடிகிறது.

இந்த மாற்றம் முதலில் வலிக்கும். ஆனாலும் நான் இதன் பக்கம்தான் நிற்கிறேன். தம்பியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவனிடம் யார் கேட்டார்கள்? இந்த 8 மாதத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த வேலை, அவன் குரலைத் தயார் செய்வதுதான். அவன் 'ஆம்' என்பதை எப்படிக் காட்டுவான், 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுவான், வலித்தால் என்ன செய்வான், பயந்தால் என்ன செய்வான், எது அவனை அமைதிப்படுத்தும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். போனில் சில நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். பள்ளியில் பேச்சுப் பயிற்சி தருகிறவர் அவன் படங்களோடு ஒரு சிறு ஏடு தயாரித்துத் தருவார், கேளுங்கள். மதிப்பீட்டுக்கு வருகிறவர் வீட்டில் பெரியவர்களோடு மட்டும் பேசிவிட்டுப் போகாமல், பள்ளியிலும் அவனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பணம், வங்கி பற்றி வேகமாகச் சொல்கிறேன். 16 வயதில் டி.எல்.ஏ. (குழந்தைகளுக்கான மாற்றுத்திறன் உதவித்தொகை) நின்று பிப் (பெரியவர்களுக்கான உதவித்தொகை) வந்திருக்கும், அப்போதே அதைத் தரும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி. அம்மாவை அப்பாயின்டியாக, அதாவது அவனுக்குப் பதிலாக அந்தப் பணத்தைப் பார்த்துக்கொள்கிறவராக, பதிவு செய்திருக்கும். அரசு உதவித்தொகையை வாங்கி நிர்வகிக்க அது போதும், 18க்குப் பிறகும் தொடரும். ஆனால் அவன் பெயரில் உள்ள சேமிப்பைத் தொட அது உதவாது. 2002 செப்டம்பர் 1க்கும் 2011 ஜனவரி 2க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அரசு சைல்ட் டிரஸ்ட் ஃபண்ட் என்று ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தந்தது. தம்பி இங்கே பிறந்திருந்தால் அவனுக்கும் இருக்கலாம். 18 வயதில் அது அவன் கைக்கு வரும். அவனால் பணத்தை நிர்வகிக்க முடியாது என்றால், அம்மா அதை எடுக்க, தாமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கான நீதிமன்றமான கோர்ட் ஆஃப் புரொடெக்ஷனின் உத்தரவு வேண்டும். 18 ஆவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி (தனக்காக முடிவெடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதினால் போதாதா என்று பலர் கேட்பார்கள். அதை எழுதுகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அதன் பொருளும் புரிந்திருக்க வேண்டும். பெரிய சேமிப்பு எதுவும் இல்லை, வருவது அரசு உதவித்தொகை மட்டும்தான் என்றால் பெரும்பாலும் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.

கணக்கெடுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வீடும் அப்பாவின் சம்பளமும் கணக்கில் வராது. 18க்குப் பிறகு கவுன்சில் பார்ப்பது தம்பியின் பணத்தை மட்டும்தான். மதிப்பீடு இலவசம். அதன்பிறகு தரும் உதவிக்கு அவன் வருமானத்தைப் பார்த்து ஒரு பங்கைக் கேட்கலாம். அவன் பெயரில் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் அவனுடையது. 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொட மாட்டார்கள். வாரம் அவன் கையில் இவ்வளவாவது மிஞ்ச வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, அதற்குக் கீழே போகும்படி கட்டணம் போட முடியாது. பிப்பில் நடமாட்டத்துக்கான பகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடிக்கடி துவைக்க வேண்டியிருப்பது, உடைத்த பொருளை மாற்றுவது, தனி உணவு போன்று குறைபாட்டால் வரும் கூடுதல் செலவுகளுக்கு ரசீது சேர்த்து வையுங்கள், அவற்றைக் கழிக்கக் கேட்கலாம். தாத்தா, பாட்டி, மாமா எல்லோரும் பாசத்தில் அவன் பெயரில் பணம் போடுவது நம் வழக்கம். அதற்கு முன், அப்பா உயில் எழுதுவதற்கும் முன், மாற்றுத்திறனாளிகளுக்கான டிரஸ்ட் பற்றித் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டில் பாதியை நேராக அவன் பெயருக்கு எழுதிவைத்தால், பின்னால் அது பராமரிப்புச் செலவுக்கே கரைந்துபோகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தம்பி பெயரில் யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்த பெரியவர்களுக்கான அரசு உதவித்தொகை) கேட்டால், அவனுக்காக அம்மாவுக்கு வரும் சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்ப்புக்கான உதவித்தொகை) நின்றுவிடும். எது லாபம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். விண்ணப்பிக்கும் முன் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ, மாற்றுத்திறன் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக நடக்கும் கான்டாக்ட் என்ற தொண்டு அமைப்பிலோ கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருத்துவத்தில் நடக்கும் மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். இதுவரை ஒரு குழந்தை மருத்துவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருப்பார். பெரியவர்களுக்கு அப்படி ஒருவர் இல்லை, எல்லாம் ஜி.பி.யிடம் (உங்கள் பகுதிப் பொது மருத்துவர்) வந்துவிடும். ஆகவே குழந்தை மருத்துவர் கடைசியாகப் பார்ப்பதற்கு முன், எந்த மருந்தை இனி யார் எழுதுவார், வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் எந்த மருத்துவமனை பார்க்கும் என்று ஜி.பி.க்குக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.பி.யின் லேர்னிங் டிஸ்எபிலிட்டி பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனை அவனுக்கு உண்டு. இதுவரை செய்யவில்லை என்றால் இந்த மாதமே கேளுங்கள். (குழாய் வழி உணவு, சுவாசக் கருவி என்று கடுமையான மருத்துவத் தேவை உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம். உங்களுக்கு என்.எச்.எஸ். கன்டினியூயிங் ஹெல்த்கேர், அதாவது பராமரிப்புச் செலவை அரசு மருத்துவச் சேவையே ஏற்கும் வேறு பாதை உண்டு. 16 வயதில் பரிந்துரை, 17 வயதில் தகுதி பற்றிய முடிவு என்பது அதன் முறை. 18 வரை காத்திருக்காதீர்கள்.)

படிப்பைப் பொறுத்தவரை, இ.எச்.சி. பிளான் 25 வயது வரை தொடர முடியும், ஆனால் தானாகத் தொடராது. கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பள்ளி முடிந்து கல்லூரிக்குப் போகும்போது பலருக்கு வாரத்தில் 3 நாள்தான் வகுப்பு கிடைக்கிறது. மீதி 2 நாள் அவன் எங்கே இருப்பான், யார் கூட இருப்பார்கள்? பள்ளி விடுமுறையில்? இந்தக் கேள்வியை மதிப்பீட்டிலேயே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்த 2 நாளும் அம்மாவின் முதுகில்தான் ஏறும். வேனில் போய்வருகிறான் என்றால் அந்த ஏற்பாடும் மாறக்கூடும், அதையும் விசாரியுங்கள்.

உதவி முடிவானதும் அதை டைரக்ட் பேமென்ட்டாக, அதாவது நீங்களே ஆள் வைத்துக்கொள்ளும் பணமாக, வாங்கலாம். பணத்தை நிர்வகிக்கத் தம்பியால் முடியாவிட்டால் அம்மாவோ அப்பாவோ அவனுக்காக நிர்வகிக்க அனுமதி கேட்கலாம். தமிழ் தெரிந்த ஆளை, அவன் சாப்பாடு தெரிந்த ஆளை வைத்துக்கொள்ள இது நல்ல வழி. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு இதிலிருந்து சம்பளம் தர, அது அவசியம் என்று கவுன்சில் ஒப்புக்கொண்டால் ஒழிய முடியாது. தனி வீட்டில் இருக்கும் சித்திக்கோ மாமாவுக்கோ அந்தத் தடை இல்லை. ஆனால் ஆள் வைத்தால் நீங்கள் முதலாளி. காப்பீடு, விடுப்பு, சம்பளக் கணக்கு எல்லாம் உண்டு. அதற்கான செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். சைவம் சாப்பிடுவான், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவான், குளிப்பாட்ட ஆண் உதவியாளர்தான் வேண்டும் என்பவையெல்லாம் சலுகை அல்ல, திட்டத்தில் எழுதப்பட வேண்டியவை.

எழுதிக் கொடுத்த திட்டம் சரியில்லை என்றால் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். எது விடுபட்டது என்று எழுதி அனுப்புங்கள். அப்புறமும் நடக்கவில்லை என்றால் கவுன்சிலின் புகார் முறையில் போங்கள். அதிலும் தீரவில்லை என்றால் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பான லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்பட்ஸ்மன் இருக்கிறது, கட்டணம் இல்லை.

கடைசியில் நீங்கள் கேட்டது. நீங்கள் அதைக் கடைசி வரியில், தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதை முதலில் வைத்திருப்பேன்.

18 வயதான ஒருவரைப் பராமரித்தே ஆக வேண்டும் என்று அக்காவைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. பெற்றோரைக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் செய்ததெல்லாம் அன்பினால் செய்தது. எத்தனை வயதில் மொழிபெயர்க்கத் தொடங்கினீர்களோ தெரியாது, பல வருடமாக வீட்டின் சுமையில் ஒரு பங்கைச் சுமந்திருக்கிறீர்கள். மதிப்பீட்டு நாளில் அந்த வேலையை விட்டுவிடுங்கள். மின்னஞ்சலிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வது கவுன்சிலின் பொறுப்பு. அப்பா சொல்வதையும் அதிகாரி சொல்வதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால், உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எப்போது சொல்வீர்கள்? அன்று நீங்கள் அக்காவாக மட்டும் உட்காருங்கள்.

உங்கள் பராமரிப்பாளர் மதிப்பீட்டில் மான்செஸ்டர் வேலையைச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் சேர வேண்டும், அதன்பிறகு எந்தெந்த வேலைகளை உங்களால் செய்ய முடியாது என்று பட்டியலாகவே கொடுங்கள். ஒரு பராமரிப்பாளர் வேலைக்குப் போக விரும்புகிறாரா, படிக்க விரும்புகிறாரா என்று கேட்க வேண்டியது அந்த மதிப்பீட்டின் பகுதி. நீங்கள் சொல்லாமல் இருந்தால், நீங்கள் எப்போதும் வீட்டில் இருப்பீர்கள் என்ற கணக்கில்தான் தம்பிக்குத் திட்டம் எழுதுவார்கள். இரண்டு வருடம் கழித்து நீங்கள் கல்யாணம் ஆகியோ வேலை கிடைத்தோ போகும்போது எல்லாம் குலைந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். நீங்கள் இப்போதே உண்மையைச் சொல்வது அவனுக்கும் நல்லது.

வீட்டில் முதலில் அம்மாவிடம் பேசுங்கள். போகலாமா என்று கேட்காமல், வேலை கிடைத்திருக்கிறது, எந்த வார இறுதிகளில் வருவேன், தம்பியோடு எந்த நேரத்தில் வீடியோவில் பேசுவேன் என்று சொல்லுங்கள். தம்பிக்கும் சொல்ல வேண்டும். காலண்டரில் படம் ஒட்டி, நீங்கள் இல்லாத நாளும் வரும் நாளும் அவனுக்குத் தெரியும்படி செய்யுங்கள். மதிப்பீட்டின் வரைவு கைக்கு வந்ததும் பெயர்களை அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். என்ன விடுபட்டிருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.